டிவிடி மெனுவில் வேண்டாத பெட்டிகள்: வீட்டு ரெக்கோடர் வட்டுகளைச் சுத்தம் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கொட்டகலையில் அம்மா வீட்டில் சித்தியின் கல்யாண டிவிடியைப் போட்டால் திரையில் 14 பெட்டிகள் வரும். கல்யாணம் இருப்பது அதில் 4 பெட்டிகளில்தான். 7 பெட்டிகள் வெறும் கறுப்பு. 2 பெட்டிகளில் கெசட் ஓட்டும் டெக்கின் நீலத் திரை. மீதி ஒன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அம்மா முதல் பெட்டியை அழுத்தினார், கறுப்பு. இரண்டாவதை அழுத்தினார், அதுவும் கறுப்பு. "இந்த சீடி கெட்டுப்போச்சு தம்பி" என்று சொல்லி உறையில் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. வட்டில் ஒரு கோளாறும் இல்லை. தாலி கட்டியது, பந்தி நடந்தது, இப்போது உயிரோடு இல்லாத எத்தனையோ பேரின் முகம் எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தன. அங்கே போகிற வழியை மெனு மறைத்துவிட்டது.

மலையகத்தில் நம் வீடுகளில் இப்படிப்பட்ட வட்டுகள் நிறைய இருக்கின்றன. 90களில் வீடியோ கெசட்டில் எடுத்த கல்யாணம், சடங்கு, தோட்டத்துக் கோயில் தேர், காமன் கூத்து எல்லாவற்றையும், பிறகு டெக்கையும் டிவிடி ரெக்கோடரையும் வயர் போட்டு இணைத்து வட்டுக்கு மாற்றினோம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன அக்காமார் திரும்பி வரும்போது கொண்டுவந்த ரெக்கோடர்கள்தான் பல வீடுகளில் இந்த வேலையைச் செய்தன. கெசட் ஒரு நாள் பூஞ்சணம் பிடித்துப் போய்விடும், வட்டில் இருந்தால் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று நினைத்தோம். அந்த வேலையை முழுசாக முடிக்க வேண்டுமென்றால் மெனுவையும் சரி செய்ய வேண்டும்.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெனுவில் தெரியும் பெட்டி வேறு, வட்டில் பதிந்த படம் வேறு. பெட்டி என்பது "இந்த இடத்திலிருந்து ஓட்டு" என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே. பெட்டியை அழித்தால் சில வகை வட்டுகளில் படமும் போய்விடும், சில வகைகளில் படம் அப்படியே இருக்கும். பெட்டி ஒரு கருவியில் மறைந்து இன்னொரு கருவியில் தெரிவதும் உண்டு. கீழே வரும் முக்கால்வாசி விஷயங்கள் இதிலிருந்து வருபவைதான்.

வேண்டாத பெட்டி எப்படி வருகிறது

ரெக்கோடரில் சிவப்புப் பொத்தானை அழுத்தியதிலிருந்து ஸ்டொப் அழுத்தும்வரை பதிவது ஒரு டைட்டில். ஒரு டைட்டிலுக்கு மெனுவில் ஒரு பெட்டி. கெசட்டைச் சுற்றிச் சரியான இடம் தேடும்போது தவறுதலாகப் பதிவைத் தொடங்கி நிறுத்தினால், அந்த 3 விநாடிக்கும் ஒரு பெட்டி வந்துவிடும். ஸ்டொப்புக்குப் பதில் போஸ் அழுத்தினால் அதே டைட்டில் தொடரும். ஆனால் போஸில் நீண்ட நேரம் விட்டால் சில கருவிகள் தாமாகவே நின்றுவிடும். அப்புறம் தொடங்குவது புது டைட்டில்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது, நம்மூரில் அதிகம் நடப்பது. பழைய கெசட்டின் சிக்னல் நடுங்கும்போது, அதை விற்பனைப் படங்களில் இருக்கும் காப்பித் தடை என்று ரெக்கோடர் தவறாக எடுத்துக்கொள்ளும். உங்கள் சொந்தக் கல்யாண கெசட்டாக இருந்தாலும் "பதிய முடியாது" என்று நின்றுவிடும். நீங்கள் மறுபடி அழுத்துவீர்கள், சில நிமிஷத்தில் மறுபடி நிற்கும். அம்மாவின் வட்டில் கல்யாணம் 4 துண்டாக இருப்பதற்கும் கறுப்புப் பெட்டிகள் 7 வந்ததற்கும் இதுதான் காரணம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழையிலும் ஈரத்திலும் கிடந்த கெசட் என்றால் இந்தச் சிக்கல் வரும் என்று எதிர்பார்த்தே வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது கரண்ட். பதிவு நடக்கும்போது கரண்ட் போனால், திரும்பி வந்ததும் ரெக்கோடர் வட்டைத் தானே சரிபார்க்கும். அரைகுறையாகப் பதிந்ததை ஒரு துண்டு டைட்டிலாக விட்டுவிடும், அல்லது முழுசாக இழந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட காலம் இல்லாவிட்டாலும், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கிற நாட்களில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கரண்ட் போனதில் கருவியின் மணிக்கூடும் பழைய தேதிக்குப் போய்விடும். பெட்டியின் பெயராகச் சம்பந்தமில்லாத தேதி நிற்பது அதனால்தான்.

டைமரை மறந்து விட்டுவிட்டாலும் பெட்டி சேரும். தினமும் பதியும்படி எப்போதோ வைத்த நேரம் அழியாமல் இருந்தால், உள்ளே இருக்கும் வட்டில் அது பதிந்துகொண்டே போகும். டிஷ்ஷிலிருந்து பதியும்போது படத்தின் அகலம் 4:3 இலிருந்து 16:9க்கு மாறினால் அந்த இடத்தில் புது டைட்டில் தொடங்கும் கருவிகளும் உண்டு.

முதல் படி: எந்த வட்டு என்று பாருங்கள்

ரிமோட்டைத் தொடும் முன் வட்டின் மேல்புறத்தைப் படியுங்கள். மைனஸ் ஆர், பிளஸ் ஆர், மைனஸ் ஆர்டபிள்யூ, பிளஸ் ஆர்டபிள்யூ, ராம் என்ற ஐந்தில் ஒன்று அச்சாகியிருக்கும். நீங்கள் என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்பது இதைப் பொறுத்துத்தான். மேலே ஸ்டிக்கர் ஒட்டி மறைந்திருந்தால் உரிக்க வேண்டாம். ரெக்கோடரில் போட்டு, வட்டுத் தகவல் என்ற திரைக்குப் போனால் அது சொல்லிவிடும்.

மைனஸ் ஆர், பிளஸ் ஆர் இரண்டும் ஒருமுறை மட்டும் எழுதக்கூடியவை. பைனலைஸ் செய்வதற்கு, அதாவது வட்டை மூடுவதற்கு முன் டைட்டிலை அழிக்கலாம், மெனுவிலிருந்து பெட்டி போகும். ஆனால் இடம் திரும்பக் கிடைக்காது. 2 மணித்தியாலம் பிடிக்கும் வட்டில் அரை மணித்தியாலத்தை அழித்தால், மீதி இடம் அழிப்பதற்கு முன் இருந்த அளவுதான். படம் வட்டிலேயே கிடக்கும், மெனு மட்டும் அதைக் காட்டாது. யாருக்கும் காட்ட விரும்பாத ஒன்றை அப்படி அழித்துவிட்டு வட்டை வெளியே கொடுக்காதீர்கள். அதே காரணத்தால், தவறுதலாக அழித்ததைக் கணினியில் மீட்கவும் சில சமயம் வழியுண்டு.

மைனஸ் ஆர்டபிள்யூவில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அதை இரண்டு முறையில் போர்மட் செய்யலாம். வீடியோ முறையில் செய்திருந்தால் கடைசியாகப் பதிந்த டைட்டிலை அழித்தால்தான் இடம் திரும்பும். நடுவில் உள்ளதை அழித்தால் பெட்டி போகும், இடம் வராது. விஆர் (வீடியோ ரெக்கோடிங்) முறையில் செய்திருந்தால் எதை அழித்தாலும் இடம் திரும்பும், நடுவில் வெட்டலாம், சேர்க்கலாம். ஆனால் விஆர் வட்டை எல்லா பிளேயரும் ஓட்டாது.

விஆர் முறையில் ஒரே காட்சிக்கு இரண்டு பெட்டிகள் தெரிந்து குழம்பிப்போகிறவர்கள் உண்டு. அதில் ஒரிஜினல் என்று ஒரு பட்டியலும் பிளேலிஸ்ட் என்று இன்னொரு பட்டியலும் இருக்கும். பிளேலிஸ்டில் உள்ள பெட்டியை அழித்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரிஜினலில் அழித்தால் படம் போகும், அதை நம்பியிருந்த பிளேலிஸ்ட் பெட்டியும் கூடவே போகும். எந்தப் பட்டியலில் நிற்கிறீர்கள் என்பது திரையில் எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் அழிப்புக்கு ஓம் சொல்லாதீர்கள்.

பிளஸ் ஆர்டபிள்யூவில் அழித்த டைட்டில் "வெற்று டைட்டில்" என்ற பெயரில் அதே இடத்தில் நிற்கும். அழித்தும் போகவில்லையே என்று தோன்றும். அது கோளாறு அல்ல, அந்த இடம் காலியாக இருக்கிறது என்று கருவி காட்டுகிறது. அடுத்தடுத்த இரண்டை அழித்தால் இரண்டும் ஒரே வெற்றுப் பெட்டியாகச் சேர்ந்துகொள்ளும். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. சில கருவிகளில், மெனுவில் நீங்கள் நிற்கும் பெட்டியிலிருந்தே புதுப் பதிவு தொடங்கும், அடுத்த டைட்டிலின் மேலும் எழுதிக்கொண்டு போகும். கடைசிப் பதிவுக்குப் பின்னால் பாதுகாப்பாகத் தொடங்கும் வசதி அந்தக் கருவிகளில் தனியாக இருக்கும். கையேட்டில் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுப் பதியுங்கள்.

ராம் வட்டு நம் பக்கம் குறைவு. அதில் விஆர் முறை போலவே சுதந்திரமாக அழிக்கலாம்.

இரண்டாம் படி: பைனலைஸ் ஆகிவிட்டதா?

மற்ற பிளேயர்களில் ஓடுவதற்காக மெனுவை எழுதி வட்டை மூடும் வேலைக்குத்தான் பைனலைஸ் என்று பெயர். மைனஸ் ஆர், பிளஸ் ஆர் வட்டுகளில் அதற்குப் பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மைனஸ் ஆர்டபிள்யூவில் பல கருவிகள் பைனலைஸைத் திரும்ப எடுக்க விடும். பிளஸ் ஆர்டபிள்யூவுக்குப் பைனலைஸே தேவையில்லை.

கண்டுபிடிக்க எளிய வழி இது. பதிந்த ரெக்கோடரில் ஓடி, சாதாரண பிளேயரில் ஓடாத மைனஸ் ஆர் வட்டு பெரும்பாலும் இன்னும் மூடப்படவில்லை. கணினியில் போட்டால் வெறும் வட்டு போலத் தெரியலாம், போர்மட் செய்யவா என்றும் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே எடுங்கள்.

ஒரு கடையில், மூடிய மைனஸ் ஆர் வட்டில் பெட்டிகளை மட்டும் அழித்துத் தருகிறோம் என்று வாங்கினார்கள். திரும்பி வந்தது தரம் குறைந்த ஒரு புதுப் பிரதி. மூல வட்டைக் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மூடிய வட்டில் அழிப்பது என்று ஒன்று இல்லை. புது வட்டு எழுதுவது மட்டும்தான் வழி, அதை நீங்களே வீட்டில் தரம் குறையாமல் செய்யலாம்.

மூன்றாம் படி: அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் கடைசிவரை பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெட்டியில் தெரியும் சின்னப் படம் டைட்டிலின் தொடக்கத்திலிருந்து எடுக்கப்படுவது. கல்யாண வீடியோக்காரர்கள் கறுப்பிலிருந்து மெதுவாகப் பிள்ளையார் படம் தோன்றும்படி தொடங்குவார்கள். அந்தக் கறுப்பைப் பிடித்துக்கொண்டு ரெக்கோடர் பெட்டியையும் கறுப்பாகக் காட்டும். அதனால் பெட்டி கறுப்பு என்பதற்காக உள்ளே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்தில் எழுதியிருக்கும் நேரத்தைப் பாருங்கள். 45 நிமிஷம் என்று இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. சின்னப் படத்தை மாற்றும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு, முகம் தெரியும் ஒரு இடத்தில் நிறுத்தி அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அம்மாவின் வட்டில் 14ஆவது பெட்டி 40 விநாடி. புள்ளி புள்ளியாக இரைச்சல், அவ்வளவுதான் என்று நினைத்து அழிக்கப் போனேன். ஓடவிட்டுப் பார்த்தபோது 15 விநாடிக்குப் பிறகு இரைச்சல் விலகியது. தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும் பொட்டல். மாசி மாசத்து வெயில். ஒருவர் தோளில் தப்பு மேளத்தை மாட்டி, நெருப்பில் காய்ச்சிவிட்டு வந்து அடிக்கிறார். அவர் என் தாத்தா. அவர் நடமாடுகிற வேறு படம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

அந்தக் காலத்தில் கெசட் வாங்குவதற்கே காசு பார்க்க வேண்டும், அதனால் பழைய கெசட்டின் மேலேயே புதிதாக எடுப்பார்கள். கல்யாணம் முடிந்த இடத்துக்குப் பின்னால் பழைய பதிவின் வால் ஒட்டிக்கொண்டிருக்கும். அது நமக்குத் தேவையில்லாத பெட்டியாகத்தான் மெனுவில் தெரியும். ஒரு பேப்பரில் எண் போட்டு, ஒவ்வொரு பெட்டியும் எவ்வளவு நேரம், என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். வீட்டில் வயசான ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு யாரென்று தெரியாத முகம் அவருக்குத் தெரியும்.

நான்காம் படி: மூடாத வட்டில் ரெக்கோடரிலேயே அழிப்பது

வட்டை அது பதியப்பட்ட அதே கருவியில் போடுங்கள். வேறு நிறுவனத்தின் ரெக்கோடர் அதே வட்டை ஓட்டினாலும் திருத்த விடாமல் போகலாம். டைட்டில் பட்டியலுக்குப் போய், பெட்டியில் நின்று, திருத்தும் மெனுவைத் திறந்தால் அழிப்பது, பெயர் மாற்றுவது, பூட்டுவது, சின்னப் படம் மாற்றுவது எல்லாம் வரும்.

முதலில் பூட்டுங்கள். வேண்டிய டைட்டில்கள் எல்லாவற்றுக்கும் பாதுகாப்புப் பூட்டைப் போட்டுவிட்டு, அப்புறம் அழிக்கத் தொடங்குங்கள். கை தவறினாலும் கல்யாணம் போகாது. அழிக்கும்போது கடைசிப் பெட்டியிலிருந்து மேல் நோக்கி வாருங்கள். மேலிருந்து அழித்தால் ஒவ்வொன்றுக்கும் எண்கள் மாறி, பேப்பரில் எழுதியதோடு பொருந்தாது. வீடியோ முறையில் உள்ள மைனஸ் ஆர்டபிள்யூவில் இடமும் கடைசியிலிருந்து வந்தால்தான் கிடைக்கும்.

அழிக்க விடாத பெட்டி இருந்தால் அது பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முழு வட்டுக்கும் ஒரு பூட்டு இருக்கலாம், அதையும் வட்டு அமைப்பில் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வட்டு மூடப்பட்டதாக இருக்கும்.

இந்தக் கருவியில் பெட்டி போய்விட்டது, அம்மா வீட்டு பிளேயரில் இன்னும் தெரிகிறது என்றால், பெரும்பாலும் அது பிளஸ் ஆர்டபிள்யூ வட்டு. அந்த வகை ரெக்கோடர்கள் சிலவற்றில், திருத்தியதை மற்ற பிளேயர்களுக்கும் பொருந்தும்படி எழுதச் சொல்லும் கட்டளை தனியாக வட்டு அமைப்பில் இருக்கும். அதைக் கொடுக்காதவரை மற்ற பிளேயர்களுக்குப் பழைய மெனுதான் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் பெயர்களை மாற்றுங்கள். ஏவி 1 என்றும் தேதி என்றும் நின்றால் யாருக்கும் புரியாது. ரெக்கோடர்களில் தமிழ் எழுத்து வராது, ஆங்கில எழுத்தில் சுருக்கமாகப் போடலாம். பிறகு வட்டை வெளியே எடுத்து, மறுபடி போட்டு, மெனு நீங்கள் நினைத்தபடி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் பிறகுதான் பைனலைஸ். பைனலைஸ் நடக்கும்போது கரண்ட் போனால் வட்டு போனது போனதுதான், யூபிஎஸ் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

ஐந்தாம் படி: மூடிய வட்டு, கணினி வழி

முதல் வேலை, வட்டை அப்படியே ஒரு ஐஎஸ்ஓ கோப்பாகப் பிரதி எடுப்பது. விண்டோஸில் இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸில் டிடிரெஸ்கியூ இருக்கிறது, கீறல் விழுந்த வட்டுக்கு அதுதான் நல்லது, வாசிக்க முடியாத இடங்களைத் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். மூடாத வட்டையோ, மெனுவிலிருந்து அழித்ததையோ எடுக்க வேண்டுமென்றால் ஐசோபஸ்டர் உதவும். இனிமேல் எல்லா வேலையும் இந்தப் பிரதியில்தான். மூல வட்டை உறையில் போட்டுவிடுங்கள்.

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தை, மாசிக் குளிரில் கிடந்த கருவியையோ வட்டையோ அடுப்படிச் சூட்டுக்கு எடுத்துவந்தால் லென்ஸில் பனி படியும். நல்ல வட்டும் வாசிக்காது. ஒன்றிரண்டு மணித்தியாலம் அறைச் சூட்டில் விட்டுவிட்டு முயன்று பாருங்கள். துடைப்பதானால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள்.

பிரதியைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்று ஒரு போல்டர் இருக்கும். அதற்குள் ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி என்று மூன்று வகைக் கோப்புகள். விஓபியில் படமும் சத்தமும். ஐஎஃப்ஓவில் எந்தப் படம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கணக்கு. பியூபி அந்தக் கணக்கின் மறுபிரதி. ஒரு விஓபி கோப்பு 1 ஜிபிக்கு மேல் போகாது, அதனால் நீண்ட டைட்டில் பல கோப்புகளாக உடைந்து கிடக்கும். ஒரே கோப்பில் பல டைட்டில்கள் சேர்ந்தும் இருக்கலாம். வேண்டாத பெட்டி என்று நினைத்து ஒரு விஓபி கோப்பைக் கையால் அழித்தால், ஐஎஃப்ஓவில் உள்ள கணக்கு முழுவதும் தவறிவிடும், வட்டு ஓடாது. விஆர் வட்டாக இருந்தால் இந்த போல்டருக்குப் பதில் டிவிடி ஆர்டிஏவி என்று இருக்கும், உள்ளே விஆர்ஓ என்று முடியும் ஒரு பெரிய கோப்பு. அதை விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் நேராக ஓட்டலாம்.

விஎல்சியில் ஐஎஸ்ஓவைத் திறந்து டைட்டில் பட்டியலைப் பாருங்கள். மெனுவில் இல்லாத டைட்டில்கூட அதில் வரக்கூடும். உங்கள் பேப்பரோடு ஒப்பிட்டு, வேண்டிய எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகு வழிகள் பிரிகின்றன. நான் பெரும்பாலும் சொல்வது டிவிடி ஷ்ரிங்க். 2004க்குப் பிறகு புதுப்பிக்கப்படாத பழைய மென்பொருள், ஆனால் இந்த வேலைக்கு அவ்வளவு பொருத்தம். அது இலவசம், காசு கேட்கும் தளத்தில் வாங்காதீர்கள். அதில் ரீஓதர் என்ற பகுதிக்குப் போய், வேண்டிய டைட்டில்களை மட்டும் வரிசைப்படி இழுத்துப் போடுங்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் முடிவையும் நகர்த்தி, முன்னால் இருக்கும் நீலத் திரையை வெட்டிவிடலாம். சுருக்குவது வேண்டாம் என்ற அமைப்பு தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வட்டிலிருந்து எடுப்பது இன்னொரு வட்டுக்கு அப்படியே கொள்ளும், சுருக்கத் தேவையே இல்லை. இப்படி எழுதும் வட்டில் மெனு இருக்காது. போட்டதும் கல்யாணம் ஓடும், முடிந்ததும் அடுத்தது ஓடும். வயசானவர்களுக்கு இதைவிட நல்ல மெனு கிடையாது.

அழகான மெனு வேண்டும் என்பவர்களுக்கு டிவிடி ஸ்டைலர். புதுத் திட்டம் தொடங்கும்போது பால் (PAL) முறையைத் தேர்ந்தெடுங்கள், இலங்கைத் தொலைக்காட்சி முறை அதுதான், 720க்கு 576, விநாடிக்கு 25 படம். படத்தை மறுபடி மாற்றாமல் அப்படியே எடுக்கும்படி காப்பி என்ற தேர்வை வையுங்கள். பெட்டிகளின் பெயரைத் தமிழில் போட ஆசை இருந்தால், வேறு ஒரு மென்பொருளில் பின்னணிப் படத்திலேயே தமிழை எழுதி அந்தப் படத்தை மெனுவுக்குக் கொடுங்கள், எழுத்து உடையாமல் வரும். பழைய மெனு அப்படியே இருக்க வேண்டும், ஒரு பொத்தானை மட்டும் செயலிழக்க வைக்க வேண்டும் என்றால் பிஜிசிஎடிட் இருக்கிறது. டிவிடியின் உள்கட்டளைகள் விளங்குகிறவர்களுக்கு அது அருமையான கருவி. மற்றவர்கள் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போனில் அனுப்ப மேக்எம்கேவி என்ற மென்பொருள் நல்லது, ஒவ்வொரு டைட்டிலையும் தரம் குறையாமல் தனிக் கோப்பாக்கும். ஆனால் அது 120 விநாடிக்குக் குறைந்த டைட்டில்களை இயல்பாகவே விட்டுவிடும். வேண்டாத பெட்டிகள் தானாக ஒழிவதால் பலருக்கு அது வசதி. தாத்தாவின் 40 விநாடியும் அதில்தான் காணாமல் போயிருக்கும். அமைப்புகளில் வீடியோ பகுதிக்குப் போய் அந்த எண்ணைக் குறைத்துவிட்டு ஓடவிடுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளிலும் இதே போல ஒரு எல்லை உண்டு, அதில் 10 விநாடி.

புது வட்டு எழுதும்போது

பழைய பிளேயர்களுக்கு மைனஸ் ஆர் வட்டு நன்றாக ஒத்துப்போகும். உறையில் 4.7 ஜிபி என்று இருந்தாலும் கணினி 4.37 என்றுதான் காட்டும், கணக்கு முறை வேறு, இடம் ஒன்றுதான். 4 மடங்கு வேகத்தில் எழுதி, எழுதியதைச் சரிபார்க்கும் தேர்வையும் போடுங்கள்.

இனிமேல் கெசட் மாற்றப் போகிறவர்களுக்கு

முதலில் கெசட்டைக் கடைசிவரை சுற்றி, மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடவே வேண்டாம், டெக்கின் ஹெட்டும் கெட்டு அடுத்த கெசட்டும் கெடும். டெக்கில் படம் ஓடத் தொடங்கி நிதானமான பிறகு ரெக்கோடரை அழுத்துங்கள், பிறகு கை வைக்காதீர்கள். வெட்டுவதை எல்லாம் பின்னால் செய்யலாம். ரெக்கோடர் காப்பித் தடை என்று நின்றால் டெக்கின் டிராக்கிங்கைச் சரி செய்து பாருங்கள், ஹெட்டைச் சுத்தம் செய்யுங்கள், அதுவும் சரிவராவிட்டால் பக்கத்து வீட்டு டெக்கை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஒரு டெக்கில் நடுங்கும் கெசட் இன்னொன்றில் நிதானமாக ஓடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஈ-180 கெசட் 3 மணித்தியாலம். எஸ்பி என்ற வழக்கமான பதிவு முறையில் வட்டு 2 மணித்தியாலம்தான் கொள்ளும், நடுவில் அறுந்து ஒரு துண்டு மிஞ்சும். அதற்காக 4 மணித்தியால எல்பி முறைக்குப் போக வேண்டாம், படம் மங்கும். முதல் வட்டில் கல்யாணம், இரண்டாவதில் வரவேற்பு என்று நீங்களே ஒரு நல்ல இடத்தில் நிறுத்திப் பிரியுங்கள். கெசட்டின் வாலை மட்டும் ஓடவிட மறக்காதீர்கள்.

அம்மாவின் புது வட்டில் இப்போது 2 பெட்டிகள். 4 துண்டாக இருந்த கல்யாணத்தை ஒரே பெட்டியிலிருந்து தொடர்ந்து ஓடும்படி வைத்தேன். இரண்டாவது பெட்டியின் சின்னப் படத்தில் தப்போடு தாத்தா நிற்கிறார். அம்மா அதைத்தான் முதலில் அழுத்துகிறார்.